ஆற்றை எதிர்த்துப் போன பிணம்

உந்தூலு வடக்கு நோக்கி ஓடுகிற ஆறு. லேவ் ஷூபின் மூழ்கிச் செத்ததாக எழுதப்பட்ட இடம் அதன் கீழ்த்துறை. அவன் பிணம் கிடைத்ததோ எண்பது கிலோமீட்டர் தெற்கே, ஆறு பிறக்கும் மலையடிவாரத்தில்.

"செத்த பிறகுதான் நீச்சல் கத்துக்கிட்டிருக்கான் போல," என்றான் சார்ஜென்ட் யெகோர் புர்னாஷெவ். "அதுவும் எதிர்நீச்சல்."

தாயிசியா கிரிலோவ்னா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களை இறக்கிவிட்ட மிதவை விமானம் மலை முதுகைத் தாண்டி ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் வருவதாக விமானி குஸ்மா சொல்லியிருந்தான். அதுவரைக்கும் கூழாங்கல் திட்டு, ஊசியிலைகள் மஞ்சளாகிவிட்ட லார்ச் மரங்கள், கொசு, இவ்வளவுதான். நானூறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு வேறு மனிதர் கிடையாது.

மாவட்ட வழக்குத் துறையில் அவள் விசாரணை அதிகாரி. யெகோர் அவளுக்குத் துணையாக வந்து சில வருஷம் ஆகிறது. அவன் பேசுவான், அவள் கேட்பாள். அவள் கேட்காத நேரத்திலும் அவன் பேசுவான். போன வருஷ வசந்தத்தில் அவள் புருஷன் ஓட்டிய லாரி ஏரிப் பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அதற்குப் பிறகும் அவள் வேலைக்கு வந்தாள், சாப்பிட்டாள், வழக்குகளை முடித்தாள். காது கேட்டது, கண் பார்த்தது. நடுவில் இருந்த ஆள்தான் எங்கோ போயிருந்தாள்.

மூன்றாவதாக வந்தவர் வதீம் அர்கதியெவிச் கரேலின். இந்தப் பள்ளத்தாக்கை அளந்து வரைபடம் போட்ட குழுவின் தலைவர். ஐம்பத்திரண்டாம் வருஷ இலையுதிர் காலத்தில் லேவ் வெள்ளத்தில் போனான் என்று வானொலியில் சொன்னவரும், அதைப் பார்த்த ஒரே சாட்சியும் அவர்தான். அப்போது குழுவின் கலைமான்களை ஓட்டியவர்கள் சுமையோடு முன்னால் போய்விட்டிருந்தார்கள். இப்போது ஐம்பத்திநாலு, ஆகஸ்ட். நரைத்த தாடி, நல்ல கம்பளிக் கோட்டு. விமானத்தில் வந்த நேரம் முழுக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

"வாங்க தலைவரே," என்றான் யெகோர். "உங்க ஆளைப் பாக்கலாம்."

போன மாதம் இந்தப் பக்கம் வந்த கனிமத் தேடல்காரர்கள் தண்ணீருக்காக இறங்கியபோது மரங்களுக்கு நடுவே ஒரு புகைக்குழாயைப் பார்த்திருக்கிறார்கள். அதன் கீழே குடிசை. உள்ளே பலகைக் கட்டிலில் ஒருவன். அவர்கள் கதவைச் சாத்திவிட்டு வந்து தகவல் சொன்னார்கள்.

குடிசை சின்னது, ஆனால் கெட்டியாகக் கட்டியது. மரக்கட்டைகளுக்கு இடையில் பாசி அடைத்திருந்தது. தகர அடுப்பு. அதன் பக்கத்தில் அடுக்கிய விறகு. மூலையில் முக்கால் மூட்டை மாவு.

கட்டிலில் இருந்தவன் குளிரில் காய்ந்து சுருங்கியிருந்தான். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தான். யெகோர் போர்வையை விலக்கி இடது கையைக் காட்டினான். சுண்டு விரலும் மோதிர விரலும் பாதிதான் இருந்தன.

"தங்கச்சி ரிம்மா சொன்ன அடையாளம், அக்கா. லேவ் ஷூபின்தான்."

அவன் இளமையில் ஒரு முறை தண்டனை முகாமுக்குப் போய்வந்தவன். விரல்களை அங்கேதான் விட்டுவிட்டு வந்திருந்தான்.

தாயிசியா உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு முழுக்கக் கறுத்துப் பற்கள் விழுந்திருந்தன. காயம் எதுவும் இல்லை. பச்சைக் காய் எதுவும் தின்னாமல் நீண்ட குளிர்காலத்தைக் கழிக்கிறவர்களுக்கு வருகிற நோய். மாவு இருந்தும் சாகலாம்.

"இந்தக் குடிசை யார் கட்டினது?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது," என்றார் கரேலின். வாசலைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை.

"இவர் எப்படி இங்க வந்தார்?"

"வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போனதை நான் கண்ணால பாத்தேன். எங்கயாவது கரையேறியிருக்கணும். அடிபட்டு, புத்தி கலங்கி, வழி தவறி மேல வந்திருக்கலாம்."

"வழி தவறி," என்றான் யெகோர். "வரைபடம் போடறவன். சரி. தையக்காரன் சட்டை இல்லாம திரியறதில்லையா."

வெளியே வந்ததும் அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு பேர் உள்ள போனாங்க. ஒருத்தர் வந்து இன்னொருத்தன் செத்துட்டான்னார். அவன் சாகல. மானையும் எடுத்துக்கிட்டு, படகையும் எடுத்துக்கிட்டு, குளிர்காலத்து வாசல்ல விட்டுட்டு வந்துட்டார். அப்புறம் படத்துல தன் பேரைப் போட்டுக்கிட்டார். பதவி உயர்வு, பதக்கம், அந்தக் கோட்டு. மேலிடமும் கொலைன்னுதான் எழுதிட்டு வரச் சொன்னாங்க."

"சொன்னாங்க."

"அப்படி எழுதினா சுட்டுருவாங்க."

"ஆமா."

அவள் தோல் பையிலிருந்து வரைபடத் தாளை எடுத்து விரித்தாள். இந்த வருஷ ஆரம்பத்தில் அச்சான தாள். மேல் மூலையில் 'ரகசியம்' என்ற முத்திரை.

யெகோர் அதைப் பார்த்தான். "மனுஷனே இல்லாத இடம். இதை யாருக்குத் தெரியாம வைக்கிறாங்க? கரடிக்கா?"

"இதைப் போட்டது ஒரு மனுஷன்தான்," என்றாள் தாயிசியா. "அவன் எங்க நின்னு போட்டான்னு பாக்கலாம். நட."

*

மூவரும் ஆற்றின் இடது கரையோடு மேலே நடந்தார்கள். அவள் முன்னால், கையில் தாளோடு. கரேலின் நடுவில். யெகோர் பின்னால், தோளில் துப்பாக்கியும் வாயில் வாட்டிய மீனுமாக.

தாளில் பழுப்பு நிறத்தில் சம உயரக் கோடுகள் ஓடின. கோடுகள் நெருங்கிய இடத்தில் கால் சறுக்கியது, விலகிய இடத்தில் சதுப்பு வந்தது. ஒரு கூடாரம் அளவே இருக்கும் குட்டை ஒன்று நீலப் புள்ளியாகத் தாளில் இருந்தது. திருப்பத்தில் அது அப்படியே தரையிலும் இருந்தது. தனியாக நிற்கும் பாறை, கரை இடிந்த இடம், மேற்கிலிருந்து வந்து சேரும் பெயரில்லாத ஓடை, எல்லாம் சொன்ன இடத்தில் சொன்னபடி.

"ரொம்ப நல்ல படம்," என்றாள் அவள்.

"நன்றி," என்றார் கரேலின். அந்த வார்த்தையை விழுங்கிவிடலாம் என்று பார்த்து முடியாமல் போனவர் மாதிரி இருந்தது.

"மேல்பகுதியை எப்ப அளந்தீங்க?"

"ஆகஸ்ட் கடைசியில. செப்டம்பர் தொடக்கத்துல கீழ இறங்கிட்டோம். கீழ்த்துறையில அந்த விபத்து."

"விமானத்துல எடுத்த படங்களும் இருந்ததா?"

"இருந்தது. ஜூலையில எடுத்தது."

"குளிர்காலத்துல எடுத்தது?"

"குளிர்காலத்துல யார் எடுப்பா? எல்லாம் வெள்ளையா இருக்கும்."

"அதுக்கப்புறம் நீங்க யாரும் இங்க வரல."

"வரல."

யெகோர் மீன் முள்ளைத் துப்பினான். "வந்தா என்ன பாக்கறது தலைவரே? தேநீர்க் கடை கூட இல்ல."

மேற்கு ஓடையைத் தாண்டி ஒரு சரிவில் ஏறினார்கள். சரிவின் காலடியில், கற்களுக்கு இடையிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்து ஒரு வாய்க்காலாக ஆற்றில் இறங்கியது. வழியில் இதே மாதிரி ஏழெட்டு ஊற்றுகளைப் பார்த்துவிட்டிருந்தார்கள்.

தாயிசியா நின்றாள். தாளை ஒரு பாறை மேல் விரித்து, காற்றுக்குக் கல் வைத்தாள்.

"வதீம் அர்கதியெவிச், இது என்ன?"

"ஊற்று."

"பக்கத்துல எழுதியிருக்கறதைப் படிங்க."

அவர் குனிந்தார். நீலப் புள்ளிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை. அவர் அதைப் படிக்கவில்லை. யெகோர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தான்.

"'உறையாது.'"

"வழியில பாத்த மத்த ஊற்றுக்கெல்லாம் வெறும் புள்ளிதான்," என்றாள் தாயிசியா. "இதுக்கு மட்டும் உறையாதுன்னு போட்டிருக்கு. ஆகஸ்ட்ல எல்லா ஊற்றும் ஓடுது. செப்டம்பர்லயும் ஓடும். இதுல எது உறையும், எது உறையாதுன்னு எப்படித் தெரியும்?"

யெகோர் தண்ணீரைப் பார்த்தான். கையை விட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாக எழுந்தான்.

"ஜனவரியில இங்க வந்து நிக்கணும்."

"நிக்கணும். குடிக்கத் தண்ணி தேடி வந்து நின்னிருக்கணும். செப்டம்பர்ல மூழ்கிச் செத்தவன் ஜனவரியில இதை எழுதியிருக்கான். அது உங்க பேர் போட்ட தாள்ல அச்சாகியிருக்கு. அவன் கையிலேர்ந்து உங்க கைக்கு அது எப்படி வந்தது, வதீம் அர்கதியெவிச்?"

கரேலின் பாறை மேல் உட்கார்ந்தார். கொசுக்கள் அவர் முகத்தில் அமர்ந்தன. அவர் விரட்டவில்லை.

"வந்திருக்கார்," என்றான் யெகோர். "அவனை விட்டுட்டுப் போனது மட்டும் இல்ல. திரும்பி வந்து, உயிரோட இருக்கறவன்கிட்ட படத்தைப் பிடுங்கிக்கிட்டு, மறுபடியும் விட்டுட்டுப் போயிருக்கார். அக்கா, ஒரு கொலையை ரெண்டு தவணையில பண்ணினவரை இப்பத்தான் பாக்கறேன்."

கரேலின் கைகளை முன்னால் நீட்டினார். "எழுதிக்குங்க. நான்தான் கொன்னேன். கையெழுத்துப் போடறேன்."

யெகோர் விலங்கை எடுக்கப் பைக்குள் கைவிட்டான்.

"இரு," என்றாள் தாயிசியா.

அவள் தாளை மடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் வெற்றியும் இல்லை, கோபமும் இல்லை. எங்கேயோ ஒரு கணக்கு உதைத்தது, அவ்வளவுதான். கணக்கு உதைத்தால் அதை விடக் கூடாது என்பது மட்டும் அவளிடம் இன்னும் மிச்சம் இருந்தது.

"குடிசைக்குத் திரும்பலாம்," என்றாள்.

*

குடிசை வாசலில் யெகோர் நெருப்பு மூட்டி, செங்கல் மாதிரி இறுக்கிய தேயிலையை உடைத்துப் போட்டான். வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து குளிர் ஏறியது.

"யெகோர், நாம இப்ப உக்காந்திருக்கற இடத்தைத் தாள்ல காட்டு."

அவன் விரலை ஓட்டினான். கூழாங்கல் திட்டு, ஆற்றின் வளைவு, லார்ச் மரத் தோப்பு. விரல் நின்றது.

"இங்க."

"என்ன இருக்கு?"

"மரம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல." அவன் தலை தூக்கிக் குடிசையைப் பார்த்தான். மறுபடியும் தாளைப் பார்த்தான். "குடிசை இல்ல."

"கூடார அளவு குட்டையை விடல. ஒத்தைப் பாறையை விடல. புகைக்குழாயோட ஒரு வீடு, சுத்துவட்டாரத்துலயே ஒண்ணே ஒண்ணு, அதை விட்டிருக்கான்."

"மறந்திருப்பானா?"

"தான் படுத்துத் தூங்கற வீட்டையா?"

யெகோர் எட்டிக் குடிசைச் சுவரைத் தொட்டுப் பார்த்தான்.

"உன்னை ஒருத்தன் சாகட்டும்னு காட்டுல விட்டுட்டுப் போறான்," என்றாள் அவள். "அப்புறம் திரும்பி வர்றான். அவன்கிட்ட நீ ஒரு தாளைக் குடுத்தனுப்பறே. அது நாளைக்கு அச்சாகும், மத்தவங்க பாப்பாங்க. அந்தத் தாள்ல நீ என்ன போடுவே?"

"குடிசையைப் போடுவேன். பெருசாப் போடுவேன். பக்கத்துல என் பேரையும் போடுவேன்."

"மறைக்கறதுக்காகக் கரேலின் அழிச்சிருந்தா 'உறையாது'ங்கறதையும் சேர்த்து அழிச்சிருப்பார். இவன்தான் போடாம விட்டிருக்கான். தன்னை யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு இவனே நினைச்சிருக்கான். படத்தைச் சரிபார்த்து அனுப்பினவரும் அதை அப்படியே விட்டிருக்கார்." அவள் கரேலின் பக்கம் திரும்பினாள். "நீங்க அவனைக் கொல்லல. ஒளிச்சு வெச்சிருக்கீங்க. யாருக்குப் பயந்து?"

நெருப்பில் ஈர விறகு சீறியது. கரேலின் நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் தட்டையாக இருந்தது.

"செப்டம்பர்ல வானொலியில சேதி வந்தது. ஷூபினை முதல் விமானத்துல அனுப்பு, காவலோட. காரணம் சொல்லல. ஒரு தடவை உள்ள போனவங்களை மறுபடியும் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க, உங்களுக்குத் தெரியும். நான் அவன்கிட்ட சொன்னேன். அவன் தேநீர் குடிச்சிட்டிருந்தான். டம்ளரைக் கீழ வெச்சுட்டு, 'இன்னொரு தடவை என்னால முடியாது வதீம், நான் இந்த ஆத்துலயே இறங்கிடறேன்'னான். அப்பத்தான் எனக்குத் தோணிச்சு. இறங்கிட்டதா சொல்லிட்டா என்ன?"

"குடிசை?"

"மான்காரங்களை முன்னால அனுப்பிட்டு, ரெண்டு பேருமா கட்டினோம். குழுவோட மாவு, துப்பாக்கி, அடுப்பு எல்லாம் விட்டுட்டு வந்தேன். வெள்ளத்துல போச்சுன்னு எழுதினேன். மேல்பகுதி அளக்காம இருந்தது. அதை நான் பாத்துக்கறேன், சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிச்சிடும்னான். வரைபலகையையும் வெச்சுட்டு வந்தேன். ஏப்ரல்ல அளவைக்கு மலை உச்சியில நட்ட குறிக்கோபுரங்களைச் சரிபாக்கப் போறேன்னு சொல்லிட்டு ஒரு மான்வண்டியோட வந்தேன். மாவு, சக்கரை, புகையிலை. அவன் தாளைக் குடுத்தான். அப்படி ஒரு வேலையை நான் பாத்ததே இல்ல."

யெகோர் ஒரு டம்ளர் தேநீரை ஊற்றினான். அரை நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, கரேலினிடம் நீட்டினான்.

"குடிங்க," என்றான். 'தலைவரே' என்று சேர்க்கவில்லை. "அக்கா, இது கொலை இல்ல. பொய்த் தகவல், அரசாங்க மாவு. ரெண்டு வருஷம் போடுவாங்க. மேலிடத்துக்குப் பிடிக்காது. எனக்கு இந்த ஆளைப் பிடிச்சுப்போச்சு."

கரேலின் டம்ளரை வாங்கினார். குடிக்கவில்லை.

தாயிசியா அவர் கையையே பார்த்தாள். அந்தக் கை டம்ளரை உதட்டுப் பக்கம் கொண்டுபோகவே இல்லை. கொலைப் பழி விலகியவனுக்கு ஒரு வாய் தேநீர் கூட ஏன் இறங்கவில்லை? சற்று முன்பு அதே கை, செய்யாத கொலைக்கு விலங்கு கேட்டுத் தயங்காமல் நீண்டதே.

அப்போதுதான் அவளுக்குப் போன வருஷ ஜூலை ஞாபகம் வந்தது. தேடிக்கொண்டு போகாமல் அதுவாக வந்தது.

நில அளவை அலுவலகம், மாடிப்படி, பெயின்ட் வாசனை. அந்த வசந்தத்தில் நாட்டை ஆண்டவர் செத்துப்போய்த் தலைநகரில் காற்று மாறியிருந்தது. பழைய கைது உத்தரவுகள் கட்டுக்கட்டாகக் கைவிடப்பட்டன. சம்பந்தப்பட்டவர்களுக்குத் தகவல் சொல்லும் வேலை அவளுடையது. அவள் புருஷன் போய்ச் சில மாதம்தான் ஆகியிருந்தது. யாரிடம் என்ன சொல்கிறோம் என்று பார்க்காமலே படியேறி இறங்கிய நாட்கள். படியில் எதிர்ப்பட்ட ஒரு தாடிக்காரரிடம், 'உங்க குழுவுல மூழ்கிப்போன ஷூபின் மேல இருந்த உத்தரவை ரத்து பண்ணிட்டாங்க, தங்கச்சிக்குச் சொல்லிடுங்க' என்றாள். அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். செத்துப்போன நண்பனுக்கு வந்த நியாயம், அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் இறங்கிப் போய்விட்டாள்.

"வதீம் அர்கதியெவிச்," என்றாள். "போன ஜூலையில படிக்கட்டுல உங்ககிட்ட நான்தான் சொன்னேன்."

"ஆமா."

"அன்னிக்கு இவர் உயிரோட இருந்தார்."

"ஆமா."

யெகோர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எதைச் சொன்னீங்க?"

"ஷூபின் வெளிய வரலாம்னு. யாரும் தேடலைன்னு." அவள் கரேலினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க வந்து சொல்ற வரைக்கும் வெளிய வராதேன்னு இவர்கிட்ட சொல்லியிருந்தீங்களா?"

"சொல்லியிருந்தேன்."

"ஏன் வரல?"

கரேலின் டம்ளரைத் தரையில் வைத்தார்.

"அவன் வெளிய வந்தா நான் உள்ள போகணும். பொய்ச் சாவு எழுதினவன். அதுதான் முதல் நாள் தோணினது. அப்புறம், மான் கிடைக்கட்டும், செப்டம்பர்ல போறேன்னு நினைச்சேன். செப்டம்பர்ல தாள் அச்சுக்குப் போச்சு. எல்லாரும் கை குலுக்கினாங்க. பனி இறுகட்டும், நவம்பர்ல போறேன்னு நினைச்சேன். என் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லாம போச்சு. போகக் கூடாதுன்னு நான் ஒரு நாள் கூட நினைக்கல, தாயிசியா கிரிலோவ்னா. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்னுதான் நினைச்சேன். ஒரு நாள் ஜன்னலைத் திறந்தா கூரையிலேர்ந்து பனி உருகிச் சொட்டிட்டிருந்தது. வசந்தம். அப்புறம் எனக்குப் பயமாயிடுச்சு. வந்தா எதைப் பாக்கப் போறேன்னு தெரிஞ்சுபோச்சு."

யெகோர் குனிந்தான். தரையில் இருந்த டம்ளரை எடுத்து, தேநீரை நெருப்பு ஓரமாகக் கொட்டினான். டம்ளரைத் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

"கொலைன்னு எழுதுங்க," என்றார் கரேலின்.

"எழுத முடியாது. நீங்க கொல்லல."

"அப்ப என்னன்னு எழுதுவீங்க?"

"பொய்த் தகவல். அரசாங்கப் பொருளைச் சொந்தமா கையாண்டது."

"அவ்வளவுதானா?"

"சட்டத்துல அவ்வளவுதான் இருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தாயிசியா எழுந்து உள்ளே போனாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அழுகையோ கோபமோ ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. போர்வையை இழுத்து அவன் தோளை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

*

மறுநாள் மத்தியானம் சொன்னபடி குஸ்மா வந்தான். வந்ததும் ஆற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். தண்ணீர் ஒரே ராத்திரியில் இறங்கியிருந்தது. மிதவைகள் கிளம்ப ஓடுகிற நீளம் குறைந்துவிட்டது.

"நாலு பேரை ஏத்திக்கிட்டு எழும்பாது," என்றான். "பிணத்தை விட்டுட்டு வாங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

"இல்ல," என்றாள் தாயிசியா. "ஷூபின் முதல்ல போகட்டும். அவர் காத்திருந்தது போதும்."

குஸ்மா தோளைக் குலுக்கினான். "அப்ப ஒருத்தர் இங்க தங்கணும்."

"நான் இருக்கேன் அக்கா," என்றான் யெகோர். "கரடிக்குப் படம் பாக்கக் கத்துக்குடுக்கறேன்."

"நான் இருக்கேன்," என்றார் கரேலின்.

யெகோர் அவளைப் பார்த்தான். "கைதியைத் தனியா விடறதா? ஓடிட்டா?"

"எங்க?" என்றாள் அவள்.

அவன் சுற்றிலும் பார்த்தான். மலை, ஆறு, மலை. ரொட்டிப் பையையும் தீப்பெட்டியையும் கூழாங்கல் திட்டில் இறக்கி வைத்தான்.

லேவ் ஷூபினைப் போர்வையோடு சேர்த்துக் கட்டித் தூக்கி வந்தார்கள். கால் பக்கத்தைக் கரேலின் பிடித்தார். ஏற்றி முடித்ததும் அவர் தண்ணீரில் முழங்கால் வரை நின்றார்.

"நாளைக்கு வருவீங்களா?"

"நாளைக்கு வர்றோம்," என்றாள் தாயிசியா. மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் மேகம் மலையை மூடியது. அதற்கு மறுநாளும். விமானத்தளத்தில் அவள் காலையில் வந்து உட்கார்ந்தாள், சாயங்காலம் எழுந்து போனாள். மூன்றாம் நாள் தூறலோடு பனி விழுந்தது. மேலிடத்திலிருந்து போனில் கத்தினார்கள், காதை விட்டுச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். யாகுத்ஸ்க் நகரில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்த ரிம்மா தகவல் கிடைத்து அடுத்த விமானத்திலேயே வந்திறங்கினாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள், பாதி விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள், பிறகு தாயிசியாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நானில்லை என்றாள் தாயிசியா.

ஐந்தாம் நாள்தான் மேகம் பிரிந்தது. குஸ்மா வேண்டாம் என்றான், அவள் ஏறி உட்கார்ந்தாள். யெகோரும் ஏறினான். வழியெல்லாம் ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டே வந்தான்.

கரேலின் கூழாங்கல் திட்டில்தான் இருந்தார். குடிசைக் கூரையிலிருந்து புகை வரவில்லை. ஐந்து நாளும் அவர் உள்ளே போகவில்லை போலிருந்தது. நல்ல கம்பளிக் கோட்டு நனைந்து உறைந்து பலகை மாதிரி ஆகியிருந்தது. ரொட்டிப் பை முடிச்சு அவிழ்க்காமல் கிடந்தது. விமானம் கரை ஒதுங்கிய பிறகும் அவர் எழவில்லை. அது நிஜம்தானா என்று பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

யெகோர் தண்ணீரில் குதித்து ஓடிப்போய்த் தன் மேல்கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டான். கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தான். மிதவை மேல் கால் வைத்ததும் கரேலின் தாயிசியாவின் முகத்தைத் தேடிப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. வார்த்தை கோணிக்கொண்டு வந்தது.

"கொசு பறந்தாலும் விமானம் மாதிரியே கேக்குது," என்றார். "அவன் ஒரு வருஷத்துக்கு மேல கேட்டிருக்கான்."

அவள் கையை நீட்டி அவரை உள்ளே இழுத்தாள். பக்கத்தில் உட்காரவைத்து, இடுப்புப் பட்டையை மாட்டிவிட்டாள்.

"ரிம்மா வந்திருக்காங்க," என்றாள். "விமானத்தளத்துலயே உக்காந்திருக்காங்க. போன ஜூலையிலயே தெரிஞ்சும் ஏன் போகலைன்னு உங்க வாயால கேக்கணுமாம்."

கரேலின் கதவுப் பக்கம் பார்த்தார். கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. வெளியே திட்டு, தண்ணீர், மஞ்சள் மரங்கள்.

தாயிசியா கை நீட்டிக் கதவைச் சாத்தினாள். குஸ்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.